மேகம் இழுக்கும்போது காது மடக்கினால் போதுமா?

கேள்வி, ஏப்ரல் 28

பாராகிளைடிங் கற்று இரண்டு சீசன் முடிந்துவிட்டது. காது மடக்கத் தெரியும். அடுத்து இமாச்சலப் பிரதேசத்தின் பீர் பில்லிங் போகலாம் என்றிருக்கிறேன். ஸ்பைரல், பி-ஸ்டால் எல்லாம் சர்க்கஸ், சாதாரண பைலட்டுக்குக் காது போதும் என்கிறார் எங்கள் பயிற்சியாளர். சரிதானே?

ஏப்ரல் 28, இரவு 10.40

போதாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா பறக்கும்போதே விங், அதாவது தலைக்கு மேல் விரியும் துணிச் சிறகு, நொடிக்கு 1.1, 1.2 மீட்டர் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. காதை மடக்கினால் 2.5, 3 ஆகும். கூடவே ஸ்பீட் பாரை (காலால் மிதித்து வேகத்தைக் கூட்டும் கம்பி) மிதித்தால் 4 வரை போகலாம். ஏப்ரல் மாதப் பீரில், மதியத்துக்கு மேல், வளர்ந்துகொண்டிருக்கும் மேகத்துக்கு அடியில் காற்று நொடிக்கு 5 மீட்டர் மேலே போவது ஒன்றும் அதிசயமில்லை. ஐந்தில் மூன்று போனால் இரண்டு. ஆக, இறங்குகிறோம் என்ற நினைப்பில் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு நொடிக்கு 2 மீட்டர் ஏறிக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்பைரல் 10 முதல் 15 வரை தரும். இறங்குவது என்றால் அது. மற்றதெல்லாம் மன ஆறுதல்.

ஏப்ரல் 29, காலை

காது என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பறக்காதவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பது தெரியாமல் போயிற்று.

விங்கின் முன் ஓரத்திலிருந்து வரும் கயிறுகள் ஏ. அதற்குப் பின்னால் பி, அதற்கும் பின்னால் சி. எல்லாம் இரண்டு தோளுக்கு மேலும் ரைசர் என்ற பட்டைகளில் வந்து சேரும். கடைசி ஓரத்து ஏ கயிறு மட்டும் தனிப் பட்டையில் இருக்கும். இரண்டு பக்கமும் அதை முழங்கை அளவு கீழே இழுத்தால் விங்கின் இரு நுனிகளும் வெற்றிலை ஓரத்தை மடிப்பதுபோல் அடியில் மடிந்துகொள்ளும். கீழே நின்று பார்ப்பவருக்கு யானைக் காது தொங்குவதுபோலத் தெரியும். பரப்பு குறைகிறது, காற்றுத் தடை கூடுகிறது, இறங்குகிறீர்கள். திருப்புவதற்கு இடுப்பைச் சாய்க்க வேண்டும், விங்கின் பின் ஓரத்தை இழுக்கும் கைப்பிடிகளான பிரேக்கைத் தொடக் கூடாது.

பி-ஸ்டால் என்பது பி பட்டைகள் இரண்டையும் சேர்த்துக் கீழே இழுத்து விங்கின் குறுக்கே ஒரு மடிப்பு விழச் செய்வது. ஸ்பைரல் என்பது ஒரே பக்கம் இறுக்கமாகச் சுற்றிச் சுற்றி, விங்கின் மூக்கு தரையைப் பார்க்கிற அளவுக்குப் போவது. கிணற்றில் வாளி சுற்றிக்கொண்டு இறங்குவதை மேலிருந்து பார்த்திருக்கிறீர்களா? அதில் வாளி நீங்கள்.

ஏப்ரல் 29, இரவு

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. "கூடவே ஸ்பீட் பாரை மிதித்தால்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். பார் அங்கே உபரி இல்லை. நுனிகளை மடித்ததும் அவை காற்றில் இழுபடுகின்றன, விங் கொஞ்சம் பின்னால் சாய்ந்து காற்றை அதிகக் கோணத்தில் வாங்குகிறது. ஸ்டாலுக்கு, அதாவது விங் தாங்கும் சக்தியை இழக்கும் நிலைக்கு, பக்கத்தில் போய் நிற்கிறோம் என்று அர்த்தம். பாரை மிதித்தால் மூக்கு இறங்கி அந்தக் கோணம் சரியாகிறது. வரிசை முக்கியம்: முதலில் காது, அப்புறம் பார். பாரில் இருக்கும்போது போய் ஏ கயிற்றை இழுத்தால் காது மட்டும் மடியும் என்று நிச்சயமில்லை.

பழைய விங்குக்கு இது இன்னும் பொருந்தும். டைனீமா கயிறு வெயிலிலும் ஈரத்திலும் சுருங்கும். முன்னால் உள்ள ஏ, பி கயிறுகளில் பாரம் அதிகம், அதனால் அவை நீட்டியபடியே இருக்கும். பின்கயிறுகளுக்குப் பாரம் குறைவு, அவைதான் சுருங்கும். ஆக, பிரேக்கை யாரோ எப்போதும் லேசாகப் பிடித்திருப்பது போன்ற ஒரு விங் உங்களிடம் இருக்கும், உங்களுக்கே தெரியாமல். அதில் பார் இல்லாமல் காது மடக்கிவிட்டு, விடும்போது விங் முன்னே போகாமல் குடை மாதிரி நேராகக் கீழே இறங்கிய கதைகள் உண்டு. அப்படி ஆனால் பாரை மிதியுங்கள், அல்லது ஏ ரைசரை முன்னால் தள்ளுங்கள். பிரேக்கை மட்டும் இழுக்காதீர்கள்.

மே 1

"செய்து பார்த்துச் சொல்கிறீர்களா, யூடியூப் பார்த்துச் சொல்கிறீர்களா" என்று ஒருவர். நியாயமான கேள்வி.

போன வருடம் ஏப்ரல், பில்லிங். டேக்-ஆஃப் கிட்டத்தட்ட 2400 மீட்டர். கீழே இறங்கும் இடமான சௌகான் மைதானம் 1400 சொச்சம். பீரிலிருந்து ஜீப்பில் 14 கிலோமீட்டர் வளைவுப் பாதை, காலைச் சாப்பாட்டோடு மேலே போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிய விஷயம். 11.15-க்குக் கிளம்பினேன். எல்லாம் அருமையாக இருந்தது. தௌலாதரின் பனி கண்ணுக்கு நேரே. தர்மசாலா திசையில் மலை விளிம்பை ஒட்டிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். 3300 மீட்டரில் ஒரு கழுகு இடது நுனிக்குப் பக்கத்தில் வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிறகைக்கூட அசைக்காமல் என்னைத் தாண்டி ஏறிப்போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மேகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் பஞ்சுப் பொதிகளாகத் தனித்தனியே இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, அடிப்பக்கம் அடுப்புப் புகை படிந்த சுவர் நிறத்துக்கு வந்திருந்தது. ஏற்ற இறக்கத்தைச் சத்தமாகச் சொல்லும் வேரியோ அதுவரை விட்டுவிட்டுப் பாடிக்கொண்டிருந்தது, திடீரென்று மூச்சு விடாமல் பாட ஆரம்பித்தது. காது மடக்கினேன். பாட்டு நிற்கவில்லை. கையுறைக்குள் விரல் நுனி மரத்தது. வெள்ளைப் பிசிறுகள் காலுக்குக் கீழே ஓடின. மேலே இல்லை, கீழே. மேகத்துக்குள் போனால் எது மேல் எது பக்கம் என்று தெரியாது. இந்த மேகத்துக்கு உள்ளேயோ மலையும் இருந்தது.

காதை விட்டேன். காதோடு ஆழமான ஸ்பைரல் போகக் கூடாது, மிச்சமிருக்கும் கயிறுகளில் பாரம் தாங்காது. வலப்பக்கம் சாய்ந்து, வலது பிரேக்கை மெதுவாக இழுத்தேன். முதல் சுற்று சாதாரணம். இரண்டாவதில் காற்றின் சத்தம் மாறியது. மூன்றாவதில் விங் தலைக்கு மேல் இல்லை, எனக்கு முன்னால் இருந்தது, அதன் பின்னணியில் மரங்கள். கன்னம் தொங்குவது தெரிந்தது. வெளியே வர நினைத்தபோது, தப்பித்தால் போதும் என்று பிரேக்கை ஒரே போடாக விட்டேன்.

அதுதான் தப்பு. அத்தனை வேகமும் எங்காவது போயாக வேண்டும். ஊஞ்சல்போல் மேலே வீசப்பட்டேன், விங் பின்னால் தங்கியது, பிறகு என்னைத் தாண்டி முன்னால் பாய்ந்தது. ஈரச் சாக்கை உதறினாற்போல் ஒரு சத்தம், இடது பாதி காணவில்லை. உடம்பு இடப்பக்கம் சரிந்தது. பாதி வட்டம் திரும்பி மலையைப் பார்த்தேன். வலப்பக்கம் முழு எடையையும் சாய்த்தேன், வலது பிரேக் கொஞ்சம். டப்பென்று தானே திறந்துகொண்டது. நான் திறந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

சௌகானில் இறங்கியபோது முட்டி இரண்டும் தனித்தனியாக ஆடின. துக்பா சூப் வாங்கி அது ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 2

மயக்கம் வந்ததா என்றால், இல்லை. ஓரங்கள் சாம்பல் நிறமாயின, நடுவில் மட்டும் தெரிந்தது, அவ்வளவுதான். என் எடை 56 கிலோ. ஸ்பைரலில் 3 ஜி, அதாவது எடை மூன்று மடங்கு, என்றால் இருக்கையில் 168 கிலோ. ரத்தம் காலுக்கு இறங்கிவிடும், தலைக்கு ஏறாது. வயிற்றையும் தொடையையும் இறுக்கிக்கொண்டு குட்டிக் குட்டி மூச்சாக விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு பல்லைக் கடித்தால் முதலில் போவது நினைவுதான்.

ஸ்பைரலில் இறப்பவர்கள் பெரும்பாலும் விங் உடைந்து இறப்பதில்லை. நினைவு தப்பி, அல்லது வெளியே வரும் வழி தெரியாமல், சுற்றிக்கொண்டே தரைக்கு வந்துவிடுகிறார்கள். சில விங்குகள் நீங்கள் பிரேக்கை விட்ட பிறகும் சுற்றுவதை நிறுத்தாது. வெளிப்பக்கம் எடையைச் சாய்த்து, வெளிப் பிரேக்கைக் கொடுத்துத்தான் அதை நிறுத்த வேண்டும். சான்றிதழ் சோதனையிலும் இதைப் பார்க்கிறார்கள். அதைவிட ஆழமாகப் போனால் உங்கள் விங் எப்படி நடந்துகொள்ளும் என்று, பாதுகாப்பு வகையைச் சொல்லும் அந்த இ.என். பி ஸ்டிக்கர் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சோதனையைச் செய்பவர் அதையே தொழிலாகச் செய்பவர், அமைதியான காற்றில், என்ன வரப்போகிறது என்று தெரிந்து செய்கிறார் என்பது வேறு.

ஜி-யைக் குறைக்க ஒரு சின்னப் பாராசூட் விற்கிறார்கள், ஸ்பைரலில் பக்கவாட்டில் வீசிவிட்டால் வேகத்தைப் பிடித்து இழுக்கும். என்னிடம் இல்லை.

மே 4

இதை எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் முதல் குறிப்பில் அத்தனை கம்பீரமாகப் "போதாது" என்று போட்டுவிட்டு இப்போது மறைக்க முடியாது.

அந்த நாளின் ஐ.ஜி.சி. பதிவு, அதாவது பறந்த பாதையைக் கருவி எழுதிவைத்த கோப்பு, கணினியில் இருந்தது. ஒரு வருடமாகத் திறக்கவில்லை. நேற்று இரவு திறந்தேன்.

ஒன்று. காதை மடக்கி வைத்திருந்தது வெறும் 40 நொடி. என் நினைவில் அது ஐந்து நிமிடம்.

இரண்டு. அந்த 40 நொடியும் நான் வடக்கே, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகத்தின் ஓரம் தெற்கே, ஒன்றரைக் கிலோமீட்டரில். பாரை மிதித்தேனா என்றால் பதிவில் உள்ள வேகத்தைப் பார்த்தால் இல்லை. காது வேலை செய்யவில்லை என்று ஒரு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதற்கு வேலையே கொடுக்கவில்லை.

சரி, தெற்கே திரும்பியிருந்தால்? காது மட்டும் என்றால் மணிக்கு 36 கிலோமீட்டர், நொடிக்கு 10 மீட்டர். ஓரத்தை அடைய 150 நொடி, அதற்குள் நொடிக்கு 2 வீதம் 300 மீட்டர் ஏறியிருப்பேன். மேகத்தின் அடி 100 மீட்டர் மேலே இருந்தது. உள்ளே போயிருப்பேன். காதும் பாரும் என்றால் மணிக்கு 45, நொடிக்கு 12.5. 120 நொடி, ஏற்றம் நொடிக்கு 1, ஆக 120 மீட்டர். அப்போதும் மயிரிழை. ஸ்பைரல் எடுத்தது தப்பில்லை என்று இதை வைத்து வாதாடலாம். நானும் பதினைந்து நிமிடம் அப்படித்தான் வாதாடிக்கொண்டேன்.

அப்புறம் ஆறு நிமிடம் பின்னால் நகர்த்திப் பார்த்தேன். 12.30. மேக அடி 450 மீட்டர் மேலே. ஓரம் 700 மீட்டர் தூரத்தில். சுற்றாமல் நேராகத்தான் போய்க்கொண்டிருக்கிறேன், வேரியோ 1.5 ஏற்றம் காட்டுகிறது. சுற்றாமலே ஏறுகிறது என்றால் நீங்கள் தெர்மல் என்ற சூடான காற்றுத் தூணில் இல்லை, மேகத்தின் வாயில் இருக்கிறீர்கள். அந்த இடத்தில் காது வேண்டாம், பார் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பியிருந்தால் 67 நொடி, 100 மீட்டர் ஏற்றம், வெயிலுக்கு வந்திருப்பேன்.

அந்த ஆறு நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்பதும் தெரியும். கைபேசியில் அந்த நேரத்தோடு மூன்று படங்கள் இருக்கின்றன. பனி மலை, என் ஷூ, கழுகின் வால்.

கேள்வி கேட்டவருக்கு: காது போதுமா என்பதற்கு என் பதில் இப்போது வேறு. ஸ்பைரல் உங்களை அதே காற்றுக்குள் அதே இடத்தில் வைத்துத்தான் கீழே இறக்கும். அதை விட்ட மறுகணம் மறுபடி ஏறத் தொடங்குவீர்கள். நான் தப்பித்தது, 52 நொடியில் 480 மீட்டர் இறங்கிய பிறகு, அந்த உயரத்தில் ஏற்றம் பலவீனமாக இருந்ததால். காதும் பாரும் சேர்ந்தால் மெதுவாகத்தான் இறக்கும், ஆனால் வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். "மற்றதெல்லாம் ஆறுதல்" என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள். ஸ்பைரல் சர்க்கஸ் என்று அவர் சொல்வது மட்டும் இப்போதும் தப்பு.

மே 5

பி-ஸ்டால் என்னவென்று சொன்னதோடு ஏன் நிறுத்திவிட்டேன் என்கிறீர்கள். ஏனென்றால் எனக்குக் கையில் பலம் இல்லை. 56 கிலோ ஆள் பி ரைசரை 20 சென்டிமீட்டர் இழுப்பது என்பது கிட்டத்தட்ட ரைசரில் தொங்குவது. வந்துவிட்டால் நொடிக்கு 6, 7 மீட்டர், ஜி இல்லை, தலை சுற்றாது. ஆனால் முன்னேயும் போகாது, காற்று தள்ளுகிற பக்கம் போவீர்கள். விடும்போது இரண்டு கையையும் ஒரே நேரத்தில் சட்டென்று விட வேண்டும். பல புதிய விங்குகளின் கையேட்டில் இதைச் செய்யாதீர்கள் என்றே போட்டிருக்கிறது. இரண்டு வரிசைக் கயிறு மட்டுமுள்ள விங்கில் பேச்சே இல்லை. உங்கள் கையேட்டைப் படியுங்கள். யாரும் படிப்பதில்லை, தெரியும்.

மே 11

"ஸ்பைரல் தெரிந்தால் எந்த மேகத்திலிருந்தும் வந்துவிடலாம்" என்று ஒருவர் என் முதல் குறிப்பையே மேற்கோள் காட்டுகிறார். அதற்குத்தான் பயந்தேன்.

2007 பிப்ரவரி 14, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், மனில்லா. உலகச் சாம்பியன்ஷிப்புக்கு முந்தைய பயிற்சி நாட்கள். ஜெர்மன் அணியின் ஏவா விஸ்னியெர்ஸ்காவை இடிமேகம் இழுத்துக்கொண்டது. நொடிக்கு 20 மீட்டர் வரை ஏற்றம். அவருடைய கருவியில் பதிவான உச்சம் 9946 மீட்டர். எவரெஸ்டைவிட ஒரு கிலோமீட்டருக்கும் மேல். ஆக்சிஜன் இல்லாமல், பனி மூடி, அரை மணிக்கும் மேலாக நினைவில்லாமல் கிடந்தார். விங் தன் பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது. கீழே வரும் வழியில் விழித்து, தானே தரையிறங்கினார். அதே மேகத்தில் மாட்டிய சீன வீரர் ஹே சோங்பின் உயிரோடு திரும்பவில்லை.

20-இல் 14 போனால் 6. இடிமேகத்தில் உங்கள் ஸ்பைரல் நொடிக்கு 6 மீட்டர் ஏறும். அவர்கள் இருவரும் உலகச் சாம்பியன்ஷிப்புக்கு வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மே 12

நேற்றைய குறிப்பை என் தம்பி அம்மாவுக்கு அனுப்பிவிட்டான். அம்மாவுக்கு இது இன்றுவரை "குடை". "அந்தக் குடையை வித்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கு." புனேயில் ஸ்கூட்டர் ஓட்டுவதுதான் இரண்டில் ஆபத்து என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அப்பாவுக்கு எட்டு வருடமாக ஒரே சந்தேகம்: பெட்ரோல் இல்லாமல் எப்படி ஏறுகிறது, ஏறினால் எப்படி இறங்குகிறது. யோசித்தால் இந்த இழை முழுவதும் அவர் சந்தேகத்தின் இரண்டாம் பாதிதான்.

மே 26

விங் மடிவது பற்றித் தனியாக எழுதச் சொன்னீர்கள். விங்குக்கு எலும்பு இல்லை. முன் ஓரத்து வாய்களில் நுழையும் காற்றுதான் அதைப் பிடித்து நிற்க வைக்கிறது. தெர்மலின் ஓரத்தில், ஏறும் காற்றிலிருந்து இறங்கும் காற்றுக்குள் நுழையும்போது, ஒரு கணம் காற்று மேலிருந்து அடிக்கிறது. மூக்கு மடிகிறது. பாதி மடிந்தால் மடிந்த பக்கம் திரும்பும், முழு மூக்கும் மடிந்தால் பின்னுக்குப் போய்த் தானே திறக்கும்.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு, செப்டம்பரில் துருக்கியின் ஒலூதெனிஸில் எஸ்.ஐ.வி. பயிற்சிக்குப் போனேன். பாபாதாக் மலையிலிருந்து கிளம்பிக் கடலுக்கு மேல் போய், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கீழே படகு காத்திருக்க, வேண்டுமென்றே விங்கை மடக்கிப் பார்ப்பது. காசு கொடுத்துப் பயப்படுகிறோம்.

முதல் மடிப்பு. "இடது ஏ, இழு" என்றது ரேடியோ. இழுத்தேன். இடப்பக்கம் போயிற்று. அடுத்த நொடியில் என் வலது கை, என்னைக் கேட்காமலே, வலது பிரேக்கை இடுப்புவரை இழுத்திருந்தது. ரேடியோவில் கத்தல்: "கையை மேலே! மேலே!" அந்தக் கத்தல் வராவிட்டால் திறந்திருந்த பாதியையும் ஸ்டால் செய்து சுழன்றிருப்பேன். மடிந்ததால் வருவதைவிட, மடிந்ததும் நாம் செய்யும் காரியத்தால் வருவதே பெரிது என்பதை அந்தக் கையில்தான் பார்த்தேன்.

திறந்த பக்கம் சாய், திசையைப் பிடி. விங் தலைக்கு மேல் வந்த பிறகு, அப்போதும் மடிந்தே இருந்தால், மடிந்த பக்கப் பிரேக்கை ஒரு முறை ஆழமாக இழுத்து விடு. பாரில் இருந்தால் முதல் வேலை பாரை விடுவது. நான்கு நாளில் பதினேழு முறை மடக்கினேன். பத்தாவதுக்கு மேல்தான் கை சொன்னபடி கேட்டது.

நுனி கயிறுகளுக்குள் சிக்கிக்கொண்டால் அது கிராவட். அப்போது ஓரத்துக் கயிற்றைத் தனியாகப் பிடித்துக் கைமேல் கையாக இழுக்க வேண்டும். அதற்கு உயரமும் வேண்டும். கிராவட்டோடு சுற்ற ஆரம்பித்துவிட்டால் அலசி ஆராயாதீர்கள், ரிசர்வை வீசுங்கள், அவசரத்துக்கு வைத்திருக்கும் பாராசூட்டை.

ஜூன் 9

புனேக்குப் பக்கத்தில் நாங்கள் பறக்கும் கம்ஷேட்டில் மழை தொடங்கிவிட்டது, சீசன் முடிந்தது. விங்கை மடித்துப் பரணில் போட்டாயிற்று. இனி அக்டோபர்.

மே 26 குறிப்புக்கு ஒரு சேர்க்கை. என் விங்குக்கு 75 முதல் 95 கிலோ வரை என்று போட்டிருக்கிறது. உடம்பு, ஹார்னஸ் என்ற இருக்கை, விங் எல்லாம் சேர்த்து நான் 77. அடிமட்டத்தில் பறந்தால் விங்கில் இழுவிசை குறைவு, மடிவதும் சுலபம். காது மடக்கினாலும் மற்றவர்கள் அளவுக்கு இறங்க மாட்டேன். என் 5-இல் 3 கணக்கு எனக்கே கொஞ்சம் தாராளமானது. இப்போது 6 லிட்டர் தண்ணீர்ப் பை சுமக்கிறேன். டேக்-ஆஃபில் ஓடும்போது குடத்தோடு ஓடுவதுபோலத்தான் இருக்கிறது. சின்ன அளவு விங் வாங்கியிருக்க வேண்டும். "இதில் நல்லா மிதக்கலாம்" என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை, நன்றாகத்தான் மிதக்கிறது.

ஜூலை 5, கும்பகோணம்

"எதுவும் சரிவராவிட்டால் ரிசர்வ் இருக்கிறதே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இமாச்சலில் ஜூலை 15 முதல் இரண்டு மாதம் பறக்கத் தடை, கம்ஷேட்டில் மழை, ஊருக்கு வந்திருக்கிறேன். ரிசர்வைப் பிரித்து மடிக்கலாம் என்று ஹார்னஸையும் தூக்கி வந்தேன்.

ரிசர்வுக்குச் சான்றிதழ் தரும்போது இறக்கம் நொடிக்கு 5.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அது ஒன்றரை மீட்டர் மதிலிலிருந்து குதிக்கும் வேகம். காலைச் சேர்த்து உருண்டால் எழுந்து நடக்கலாம். விரிந்ததும் சும்மா இருக்கக் கூடாது, விங்கை பி ரைசரைப் பிடித்து இழுத்துச் செயலிழக்கச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விங் ஒரு பக்கமும் ரிசர்வ் ஒரு பக்கமும் இழுத்து, இறங்கும் வேகம் கூடிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தேர்வு வைத்தால் நூற்றுக்கு நூறு.

ஜூலை 6

எங்கள் கூடத்தில் தாத்தா காலத்து ஊஞ்சல். பலகையை இறக்கிவிட்டுச் சங்கிலியில் ஹார்னஸை மாட்டி உட்கார்ந்தேன். தரையிலிருந்து இரண்டடி. அம்மா எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். தம்பி கைபேசியில் நேரம் பார்த்தான். "இப்போ" என்றான்.

பார்த்தேன், பிடித்தேன், இழுத்தேன். வரவில்லை.

மறுபடி இழுத்தேன். ஹார்னஸே என்னோடு வலப்பக்கம் திரும்பியது, பை வரவில்லை. மூன்றாவது முறை இரண்டு கையாலும். 11 நொடி. அப்புறம் தம்பி வந்து காலை ஊன்றி இழுத்தான், அவனுக்கும் வரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி ஆயிற்று. ஜனவரியில் ஹார்னஸ் மாற்றினேன். பழைய ரிசர்வை அதன் உள்பையோடு நானேதான் புதியதில் பொருத்தினேன். கைப்பிடியிலிருந்து இரண்டு இணைப்பு போகும்: ஒன்று மூடியைப் பூட்டும் பின்களுக்கு, ஒன்று உள்ளே பைக்கு. முதலில் பின் கழல வேண்டும், பிறகுதான் பை இழுபட வேண்டும். ஆகவே பைக்குப் போகும் பட்டை நீளமாக இருக்க வேண்டும். என் பையின் கண்ணி இந்த ஹார்னஸுக்கு மூன்று விரல் குட்டை. இழுக்க இழுக்கப் பை மூடியை உள்ளிருந்து முட்டுகிறது, பின் அசையவே இல்லை.

ஜனவரியிலிருந்து 31 மணி நேரம் இதோடு பறந்திருக்கிறேன். மே 26 அன்று "ரிசர்வை வீசுங்கள்" என்று உங்களுக்கு எழுதியபோதும் இதுதான் என் இருக்கைக்கு அடியில் இருந்தது.

அம்மா நார் உரிப்பதை நிறுத்தியிருந்தாள். "மேல போய் இழுத்திருந்தா?"

"வந்திருக்காதும்மா."

ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு அவரைக்காய் உரித்தாள். "சாயங்காலம் அப்பா உட்காரணும், பலகையை மாட்டிடு."

ஜூலை 9

நீளப் பட்டையுள்ள உள்பை கூரியரில் வந்தது. பொருத்தி ஐந்து முறை இழுத்துப் பார்த்தேன்: 4 நொடி, 3, 2, 2, 2. ஒவ்வொரு முறையும் ரிசர்வை மறுபடி மடிக்க முக்கால் மணி. ஆறாவது முறை தம்பி, சொல்லாமல் கொள்ளாமல், நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது "இப்போ" என்றான். 3.

அப்பா நான்கு நாளாக நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.